கடாரத்துக் காசு

சந்திரிகாவுக்கு மனிதர்களைப் பிடிக்காது என்று சொல்லிவிட முடியாது. ஒருவரைப் பிடிக்காமல் போவதற்கும் அவரைக் கொஞ்சமாவது பொருட்படுத்த வேண்டும். அவள் யாரையும் அந்த அளவுக்குப் பொருட்படுத்தியதில்லை. பினாங்குத் தீவின் கெலுகோரில் அவள் குடியிருந்த அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர் வாசல் நிலையில் சிவப்புக் கயிற்றில் ஐந்து சீனக் காசுகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பணம் வருமாம். வருடக்கணக்காகத் தொங்கியும் அவர் வீட்டு இரும்புக் கதவுக்குப் பெயிண்ட் அடிக்கும் அளவுக்குக்கூட எதுவும் வரவில்லை. மின்தூக்கிக்குப் போகும்போதெல்லாம் அவள் அந்தக் கயிற்றைப் பார்ப்பாள், உதட்டைச் சுழிப்பாள், போவாள். அக்கம்பக்கத்தோடு அவளுக்கிருந்த உறவு அவ்வளவுதான்.

பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவரின் மூத்த மகள் அவள். படித்து, பல்கலைக்கழகத்தின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, கடைசியில் அதற்கே பொறுப்பாளராகி ஓய்வு பெற்றவள். விரிவுரையாளர்கள் வருவார்கள், போவார்கள். குடுவையைக் கழுவத் தெரியாதவர்கள்தான் அதிகம் பேசுவார்கள் என்பது அவள் கண்டறிந்த விதி. பெண் பார்க்க வந்த ஒருவர், அவள் மேசையில் பரப்பி வைத்திருந்த பழைய காசுகளின் மேல் ஈரம் சொட்டும் மைலோ குவளையை வைத்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு வந்த பேச்சுகளை அவள் தொடங்கவே விடவில்லை.

காசு அவளிடம் வந்தது ஆய்வுக்கூடத்தின் வழியாகத்தான். தொல்லியல் படித்த ஒருவர் மண்ணில் கிடைத்த பச்சைக் கட்டி ஒன்றைக் கொண்டுவந்து, இது என்ன உலோகம் என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். சந்திரிகா அதைக் கரைசலில் ஊறவைத்தாள். சில நாளில் கட்டி பிரிந்து, நடுவில் சதுர ஓட்டையுள்ள வட்டக் காசுகளாக ஒவ்வொன்றாகக் கழன்றது. ஓட்டையைச் சுற்றி நான்கு சீன எழுத்துகள். கொண்டுவந்தவருக்கு உலோகத்தின் விகிதம் போதும், வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த நான்கு எழுத்தும் என்ன என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சந்திரிகாவுக்கு அது தாங்கவில்லை. ஒரு பொருளில் எழுத்து இருக்கிறது, அதைக் கையில் வைத்திருப்பவன் படிக்காமல் போகிறான். எவ்வளவு சோம்பல்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமையே லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தைக்குப் போனாள். தரையில் துணி விரித்து, அறுந்த கைக்கடிகாரம், துருப்பிடித்த பூட்டு, பழைய தபால்தலை எல்லாம் பரப்பியிருந்த வரிசையில் தியோ என்ற சீனப் பெரியவர் பிஸ்கட் தகரம் நிறையக் காசுகள் வைத்திருந்தார். முதல் வாரம் அவர் அவளுக்கு ஒரு போலியைக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு அவள் அதைக் கொண்டுவந்து பேசாமல் அவர் துணியில் வைத்தாள். அவர் பார்த்தார், சிரித்தார், "கற்றுக்கொள்கிறாய்" என்று மலாயில் சொல்லித் தகரத்தைத் தானே அவள் பக்கம் தள்ளினார். தியோவையும் அவள் மதிக்கவில்லை. ஆனால் பிடிபட்டதும் வேறு கதை சொல்லாமல் சிரித்தாரே, அதை ஒத்துக்கொண்டாள். பினாங்கில் அந்த அளவு நேர்மைகூட அவள் வேறெங்கும் கண்டதில்லை.

இப்படித்தான் சீனம் பேசத் தெரியாத சந்திரிகா சீன அரசர்களின் ஆட்சிப்பெயர்களைப் படிக்கக் கற்றாள். காசு சேர்ப்பவர்களின் சங்கம் ஒன்றில் சேர்ந்து பார்த்தாள். அங்கே இருந்தவர்கள் ஒவ்வொரு காசையும் விலையாகத்தான் படித்தார்கள். பித்தளை பளபளக்க வேண்டும் என்று எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்த ஓர் உறுப்பினரைப் பார்த்தவுடன் அவள் எழுந்து வெளியே வந்தாள். நூற்றாண்டுகளாக மண்ணும் காற்றும் சேர்ந்து பூசிய தோலை ஒரு பாத்திரம் தேய்க்கும் நார் உரித்துவிட்டது. அந்த மனிதர் கைதட்டலுக்குக் காத்திருந்தார். அதன் பிறகு அவள் சங்கத்துக்குப் போகவில்லை.

சேர்த்ததில் அவளுக்கு மிகவும் பிடித்தது விலை உயர்ந்ததல்ல. சுங் அரசர்கள் காலத்துக் காசு, தியன்ஷெங் என்ற ஆட்சிப்பெயர் கொண்டது. கோடிக்கணக்கில் வார்த்துத் தள்ளியதால் இன்றும் மலிவாகக் கிடைப்பது. ஆனால் அது வார்க்கப்பட்ட வருடங்கள் ஆயிரத்து இருபத்து மூன்றிலிருந்து முப்பத்திரண்டு வரை. ராஜேந்திர சோழனின் கப்பல்கள் கடாரத்தின் மேல் வந்தது ஆயிரத்து இருபத்தைந்தில். பினாங்குக் கடலுக்கு அக்கரையில், பழைய கடாரமான கெடாவில், சோழ வீரன் ஒருவன் ஒரு வணிகனின் மூட்டையைப் பிரித்திருந்தால் இந்தக் காசு அதற்குள் இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம், அவ்வளவுதான். அந்தச் சொல்லைத் தாண்டி ஓர் அடிகூட எடுத்து வைக்கக் கூடாது என்பதில் அவள் கறாராக இருந்தாள்.

தாண்டியவன் கோகுலன்.

கோகுலன் அவள் தங்கை லோகேஸ்வரியின் கணவன், தீவுக்கு எதிர்க்கரையில் செபராங் ஜெயாவில் வீடு. குடும்பத்தில் எல்லோரும் அவனை மாப்பிள்ளை என்றார்கள். சந்திரிகா மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மாப்பிள்ளை என்ற சொல்லுக்கு அவன் என்ன செய்துவிட்டான் என்பது அவள் கேள்வி. முதலில் காப்புறுதி முகவராக இருந்தான். பிறகு தண்ணீர் வடிகட்டி விற்றான். அதற்கும் பிறகு, உறையவைத்த டுரியான் பழச் சுளைகளை இணையத்தில் விற்றான். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு புதுச் சட்டை, ஒரு புதுச் சிரிப்பு. மூன்று மாதத்தில் சட்டை பழசாகும், தொழில் போய்விடும், சிரிப்பு மட்டும் அடுத்ததற்கு மாறிக்கொள்ளும்.

பெருந்தொற்று கொஞ்சம் தணிந்து, பினாங்குப் பாலத்தைக் கடக்க விட்ட சமயத்தில் கோகுலனும் லோகேஸ்வரியும் வாரம் ஒருமுறை காய்கறி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்படி ஒரு நாள் கோகுலன் அவள் மேசையருகே நின்று கேட்டான்.

"இந்த ஓட்டை எதுக்குக்கா சதுரமா இருக்கு?"

நாற்பது வருடமாக யாரும் கேட்காத கேள்வி. சந்திரிகா கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தாள்.

"அச்சுல வார்த்த காசு ஓரமெல்லாம் பிசிறா இருக்கும். சதுரக் கம்பியில வரிசையா கோத்துட்டா சுத்தாது. மொத்தமா வெச்சு அரத்தால ராவிடலாம்."

"ஓ. அப்ப கயித்துல கோக்குறதுக்கு இல்லையா?"

"அதுக்கும்தான். எடுத்துட்டுப் போக வசதி."

அவன் அடுத்த கேள்வி கேட்டான். அதற்கடுத்ததும் கேட்டான். அவள் தட்டு தட்டாக எடுத்து வைத்தாள். அச்சில் காசுகள் கிளையில் காய் காய்த்தது போல ஒட்டிக்கொண்டு வரும் என்று சொன்னாள். சுங் காலத்துக் காசு கப்பலேறித் தமிழ்நாட்டுக்கே போனதையும், தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் குவியலாக மண்ணிலிருந்து வந்ததையும் சொன்னாள். தியன்ஷெங் காசையும் கடாரத்தையும் சொன்னாள். அடுத்த வாரமும் அவன் கேட்டான். அதற்கடுத்த வாரம் அவள் காய்கறிப் பையைப் பிரிக்கவே இல்லை. நேரே மேசைக்குப் போனார்கள். முட்டாளாக இருந்தாலும் கேட்டுக்கொள்கிற முட்டாள் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். உண்மை என்னவென்றால், அவளுக்கு அது இனித்தது.

"ஒரு போட்டோ எடுத்துக்கவாக்கா? நீங்க கையில பிடிச்சிருக்கிற மாதிரி."

எடுத்துக்கொண்டான். பிறகு ஊர் வழக்கம்போல ஓடத் தொடங்கியது, அவன் வருவதும் நின்றது.

அடுத்தடுத்த வருடங்களில் ஒரு தைப்பூசத்தன்று அவள் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போயிருந்தாள். பக்தி என்று சொல்ல முடியாது. கூட்டத்தைப் பார்க்கப் பிடிக்கும், தூரத்திலிருந்து. பந்தல்களின் வரிசையில் மோர் கொடுத்தார்கள், பாட்டு அலறியது, காவடிகள் வந்துகொண்டிருந்தன. ஒரு பந்தலின் மேல் கட்டியிருந்த பெரிய பதாகையில் ஒரு கட்டைவிரல் இருந்தது. நகத்தின் ஓரத்தில் அமிலம் பட்டு வெந்த வெள்ளை வடு. சந்திரிகா தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். அதே விரல். விரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில் அவளுடைய தியன்ஷெங் காசு, ஆள் உயரத்துக்கு. கீழே எழுதியிருந்தது: ராஜேந்திர சோழன் வென்ற கடாரத்து மண்ணில் கிடைத்த காசு. வீட்டில் இருந்தால் வெற்றி.

பந்தலுக்குள் கோகுலன் மஞ்சள் ஜிப்பாவில் கைப்பேசியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான், நேரலை. அவளைக் கண்டதும் அவன் முகம் சிறுக்கவில்லை, மலர்ந்தது. கைப்பேசியை அவள் பக்கம் திருப்பினான்.

"இதோ பாருங்க, நம்ம டாக்டர் சந்திரிகா. இந்தக் காசையெல்லாம் பரிசோதனை பண்ணிக் குடுத்தவங்க இவங்கதான்."

அவள் டாக்டர் இல்லை. எதையும் பரிசோதிக்கவும் இல்லை. மேசையில் சிவப்பு வெல்வெட்டுப் பைகளில் கிடந்த காசுகளில் ஒன்றை எடுத்தாள். எடுக்கும்போதே தெரிந்துவிட்டது. சியன்லுங் என்ற பேரரசரின் பெயர். ராஜேந்திரனுக்கு எழுநூறு வருடம் பிந்தியவர். அதுவும் அசல் இல்லை, வாசலில் கட்டித் தொங்கவிடுவதற்காகத் தொழிற்சாலையில் அடித்துத் தள்ளும் நகல், மேலே பச்சைச் சாயம். திருப்பினாள். பின்பக்கம் மஞ்சு எழுத்தில், அந்தப் பேரரசரின் வம்சத்துச் சொந்த எழுத்தில், நாணயச்சாலையின் பெயர். அதைச் சுட்டிக்காட்டிக் கோகுலன் ஒரு கிழவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "இது வட்டெழுத்து ஐயா. கடாரம்னு போட்டிருக்கு." கிழவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் ஒரு காவடி வந்தது. கூட்டம் ஒதுங்கியது. அவளையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போனது.

மறுநாள் கைப்பேசியில் கூப்பிட்டாள்.

"கோகுலன், அது சோழர் காலத்துக் காசு இல்லை. காசே இல்லை."

"தெரியும்க்கா. ஆன்லைன்ல கிலோ கணக்குல வாங்கினது."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. அறியாமை என்று நினைத்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வீணாயின.

"தெரிஞ்சா விக்கிறே?"

"நம்மாளுங்க வீட்டுல மாட்டி வெச்சுக் கும்பிடுவாங்க. யாருக்கு என்ன நஷ்டம் லா? யாரு அக்கா பின்னாடி திருப்பிப் படிக்கப் போறாங்க?"

"என் விரலை எதுக்குப் போட்டே?"

"உங்க விரல்தான்க்கா நல்லா இருந்துச்சு. வேலை செஞ்ச விரல்னு பாத்தாலே தெரியுது."

அவள் துண்டித்தாள். ஏமாற்றுக்காரன் என்பது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை, தியோவும் ஏமாற்றியவர்தான். ஆனால் இவன் அவளுடைய வாக்கியங்களை எடுத்து, அவற்றிலிருந்த 'இருந்திருக்கலாம்' என்பதை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு விற்கிறான். அவனுடைய பழைய நேரலைகளை உட்கார்ந்து பார்த்தாள். கிளையில் காய் காய்த்தது போல என்று சொல்லும்போது அவன் கையை விரித்த விதம்கூட அவளுடையதுதான்.

சில வாரம் கழித்து செபராங் ஜெயாவில் ஒரு மண்டபத்தில் 'கடாரம் காசு விழா' என்று அறிவிப்பு வந்தது. சந்திரிகா தன் பழைய காரை எடுத்துக்கொண்டு பாலம் கடந்து போனாள். கைப்பையில் அசிட்டோன் புட்டியும் பஞ்சும் இருந்தன. மண்டபம் நிறைந்திருந்தது. வாசலில் லோகேஸ்வரி பட்டுச்சேலையில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தாள். கழுத்துச் சங்கிலியில் அதே காசு பதக்கமாக. அக்காவைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

மேடையில் பழனியப்பன் என்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தலைமை வகித்தார். அவரும் ஒரு காசை வாங்கிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பின்பக்கத்து மஞ்சு எழுத்தை அப்படித் திருப்பி இப்படித் திருப்பி, கடைசியில் தலைகீழாகப் பிடித்து, "ககரம் மாதிரிதான் தெரியுது. மேலும் ஆய்வுக்குரியது" என்றார். ஒரு வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்த மனிதர். ஒரு மாலைக்கும் ஒரு பொன்னாடைக்கும் எழுத்தையே தலைகீழாகப் பிடிக்கத் தயாராக இருந்தார். சந்திரிகா எழுந்தாள்.

"ஐயா, அது தமிழ் எழுத்து இல்லை. மஞ்சு எழுத்து. முன்னாடி இருக்கிறது சியன்லுங் பேரு. ராஜேந்திரன் செத்து எழுநூறு வருஷம் கழிச்சு வந்த ராஜா. இது அந்தக் காசுகூட இல்லை, இப்ப செஞ்ச நகல்."

மண்டபம் திரும்பிப் பார்த்தது. அவள் மேடையேறி, பழனியப்பனின் கையிலிருந்த காசை வாங்கி, பஞ்சை அசிட்டோனில் நனைத்துத் துடைத்தாள். பச்சை அப்படியே பஞ்சுக்கு வந்தது. பஞ்சை உயர்த்திக் காட்டினாள்.

"நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணி இது. ஆயிரம் வருஷத்துப் பாசி இதுல போகாது. சாயம்தான் போகும்."

முன்வரிசையில் இருந்த ஒரு பெண், "ஏன்மா காசை இப்படிப் பாழ் பண்ணிட்டீங்க" என்றாள். கோகுலன் ஒலிவாங்கியை எடுத்தான். அவன் பதறவில்லை. அவளுடைய கையிலிருந்து காசை மெதுவாக வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தான். பித்தளை பளபளத்தது.

"அக்கா சொன்னதை நல்லா கேட்டீங்களா? பரிசோதனைன்னா இதுதான். அழுக்கு போச்சு. உள்ள பாருங்க, தங்கம் மாதிரி மின்னுது. நம்ம முன்னோருங்க வேலை லா."

கைதட்டினார்கள். முதலில் பின்வரிசை, பிறகு மண்டபம் முழுக்க. விற்கும் மேசையில் வரிசை நீண்டது. "அந்தத் தண்ணி எங்க கிடைக்கும்மா?" என்று ஒருவர் அவளிடமே கேட்டார். அவள் புட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியேறினாள். பாலத்தின் மேல் வரும்போது, இத்தனை நாள் தான் மனிதர்களைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோமோ என்ற சந்தேகம் அவளுக்கு ஒரு கணம் வந்தது. இல்லை, கூட்டித்தான் மதிப்பிட்டிருக்கிறோம் என்று முடிவு செய்தாள்.

போலீசில் புகார் கொடுத்துப் பார்த்தாள். வாங்கி ஏமாந்தவர் யாராவது வந்து சொல்ல வேண்டும் என்றார்கள். பிறை என்ற ஊரில், காசு வாங்கிய ஒரு பெண்மணியைத் தேடிப் போனாள். அந்தப் பெண்மணி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "இருக்கட்டும்க்கா, சாமி மாடத்துல வெச்சாச்சு. நீங்க வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, அசிங்கம்" என்று காப்பி கொடுத்து அனுப்பினாள். அதற்கு மேல் சந்திரிகா யாரையும் தேடவில்லை. வருடக் கடைசியில் கோகுலன் தானாகவே காசை விட்டுவிட்டான். உண்மை அவனைத் தோற்கடித்தது என்று சொல்ல வழியில்லை. அகில் மர மணிகளைக் கோத்த கைச்சரம் நன்றாக ஓடுகிறது என்று யாரோ சொன்னார்களாம். கடாரத்துப் பதாகையை ஒரு டுரியான் கடைக்காரருக்கு மழைக்கு மறைப்பாகக் கொடுத்துவிட்டான். சந்திரிகாவின் கட்டைவிரல் கொஞ்ச நாள் டுரியான்களின் மேல் நனைந்துகொண்டிருந்தது.

அகில் கைச்சரம் வந்த பிறகு, ஒரு மத்தியானம் லோகேஸ்வரி தனியாகக் கெலுகோருக்கு வந்தாள். சோபாவில் உட்கார்ந்து, கழுத்திலிருந்த பதக்கத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"இதை என்ன பண்றதுன்னு தெரியலைக்கா. தூக்கிப் போடவும் மனசு வரலை."

சந்திரிகா அதைத் தொடவில்லை. "போலின்னு இப்பத்தான் தெரிஞ்சுதா?"

"பொட்டலத்தைப் பிரிச்சவளே நான்தான். சாயம் கையில ஒட்டிச்சு."

"தெரிஞ்சும் கழுத்துல போட்டியா?"

"போட்டேன்."

"படிச்சவதானே நீ. வெக்கமா இல்லை?"

லோகேஸ்வரி அக்காவை நேராகப் பார்த்தாள். அப்படிப் பார்க்கும் வழக்கம் அவளுக்கு இல்லை.

"மண்டபத்துல அவர் என்னைப் பக்கத்துல நிக்க வெச்சார். வந்தவங்க எல்லாம் அக்கா அக்கான்னு பேசினாங்க. போலியோ என்னமோ, நல்லா இருந்துச்சு. நீ ஒரு நாளாவது உன் காசை என் கையில குடுத்திருக்கியா? சின்ன வயசுல ஒரு தடவை தொட்டேன். வேர்வைக் கைன்னு பிடுங்கி வெச்சே."

"அதெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லை."

"இருக்காது. அவர் கேட்டப்ப தட்டு தட்டா எடுத்து வெச்சியே, அந்தச் சதுர ஓட்டைக் கதை, தஞ்சாவூர்க் கதை, எல்லாம் நானும்தான் கேட்டேன். இதே சோபாவுலதான் உக்காந்திருந்தேன். ஒவ்வொரு வாரமும். நீ ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பலை."

சந்திரிகா அந்த வாரங்களை நினைத்துப் பார்த்தாள். மேசை வந்தது, தட்டுகள் வந்தன, கோகுலனின் மஞ்சள் பற்கள் வந்தன. சோபா வரவே இல்லை. அதில் யாராவது உட்கார்ந்திருந்ததாக அவளுக்கு எவ்வளவு முயன்றும் தெரியவில்லை. காய்கறிப் பையை யார் சமையலறையில் பிரித்து அடுக்கினார்கள் என்பதும் தெரியவில்லை.

"அவர் புளுகர், எனக்குத் தெரியாதா?" என்றாள் லோகேஸ்வரி. "ஆனா அவர் என்னை மட்டமா பாக்க மாட்டார். நீங்க ரெண்டு பேரும் பண்ணினதுல எது அக்கா பெரிய தப்பு?"

சந்திரிகா மன்னிப்புக் கேட்கவில்லை. அவளுக்கு அது வராது. இழுப்பறையைத் திறந்து சுங் காலத்துக் காசுத் தட்டை எடுத்துத் தங்கையின் முன்னால் வைத்தாள். லோகேஸ்வரி குனிந்து பார்த்தாள். கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"வேணாம்க்கா. இப்ப அந்த ஆசை இல்லை. பாலம் ஜாம் ஆகறதுக்குள்ள கிளம்பறேன்."

பதக்கத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். மின்தூக்கி இறங்கும் சத்தம் கேட்டது. சந்திரிகா நாற்காலியில் அப்படியே இருந்தாள். இத்தனை வருடத்தில் தன் தங்கை சொன்னவற்றில் இதுதான் முதன்முதலாகப் பதில் யோசிக்க வைத்தது என்று நினைத்தாள். பிறகு, இதற்கு முன்னால் அவள் சொன்னது எதையாவது தான் கேட்டிருந்தால்தானே என்று நினைத்தாள். கோகுலன் மேல் இருந்த இளப்பம் ஒரு துளியும் குறையவில்லை. பழனியப்பன் மேலும் குறையவில்லை. மேசையிலிருந்த பச்சைக் காசை எடுத்துத் துடைக்கலாமா என்று பார்த்து, துடைக்காமல் வைத்தாள்.

இப்போதும் அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் லோரோங் கூலிட்டுக்குப் போகிறாள். திரும்பி வந்ததும் செபராங் ஜெயாவுக்கு ஒரு போன் செய்கிறாள். பேசத் தெரியாமல், என்ன சமைத்தாய் என்று கேட்கிறாள். லோகேஸ்வரி சில ஞாயிறுகளில் எடுக்கிறாள்.